வித்த சேலையின் படம்: ஒரு சிறு பட்டுக்கடையின் கோப்புகளை ஒழுங்குபடுத்திய அனுபவம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி இருக்கிறது அந்தக் கடை. முதலாளி, அவர் மருமகள், கவுன்ட்டரில் இருபது வருஷமாக நிற்கும் ஓர் அக்கா, மற்ற பையன்கள் என எல்லாரையும் சேர்த்து எட்டுப் பேர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் இங்கே அது வெறும் 'கடை'.

ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் ஒன்றை அனுப்பினார். மாந்துளிர் நிற உடல், அரக்குக் கரை, கோர்வைச் சேலை (உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்த்தது). "இது இருக்கா?" மருமகள் தன் போனில் தேடினார். அதே படம் கேலரியில் இருந்தது. "இருக்கும்மா" என்று பதில் போட்டு முன்பணமும் வாங்கிவிட்டார். மறுநாள் அலமாரியைக் கலைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஆவணியிலேயே விற்றுப்போன சேலை. மில் துணியாக இருந்தால் இன்னொன்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். கைத்தறிப் பட்டில் ஒரு நிறச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சேலைதான். பணத்தைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. அந்த அம்மா பேசிய பேச்சைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை. நிச்சயதார்த்தச் சேலையாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஸ்டாக் சாஃப்ட்வேர். ஆனால் கடையில் பில்லிங் சாஃப்ட்வேர் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சேலையின் டேக் எண்ணைத் தட்டினால், எந்தத் தேதியில் விற்றது, எத்தனை ரூபாய் என்று அரை நொடியில் சொன்னது. படத்தைப் பார்த்து யாரும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். படத்தின் பெயர் 'ஐஎம்ஜி', அப்புறம் ஒரு தேதி, அப்புறம் 'டபிள்யூஏ' போட்டு ஒரு நம்பர். வாட்ஸ்அப் வழி வந்த படத்துக்கு ஆண்ட்ராய்ட் போன் வைக்கும் பெயர் அது. அந்தத் தேதிகூட படம் போனுக்கு வந்த தேதிதான், எடுத்த தேதி கிடையாது. விற்றுப்போனது பில்லுக்குத் தெரிந்தது, படத்துக்குத் தெரியவில்லை.

இதற்குத் தேவைப்படுவது 'டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட்' என்று விளக்க ஆரம்பித்தேன். "பிட்காயினா? அதுக்கு முப்பது சதவீதம் வரி போடுறானே" என்றார் முதலாளி. சிரிப்பு வந்தாலும் அவர்மேல் தப்பில்லை. 2022 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் கிரிப்டோவுக்கு 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்றுதான் பெயர். நான் சொன்ன சொத்து வேறு. சேலைப் படங்கள், வீடியோக்கள், கடை லோகோ, அட்டைப்பெட்டி டிசைன், விளம்பரம், மணப்பெண்கள் அனுப்பிய கல்யாணப் படங்கள். இவை எங்கே இருக்கின்றன, எது கடைசி வடிவம், யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரே இடத்தில் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கெங்கே கிடந்தன

முதல் வாரம் எந்தச் சாஃப்ட்வேரையும் தொடவில்லை. படங்கள் கிடக்கும் இடங்களை மட்டும் எழுதினேன். கவுன்ட்டர் போன்கள் மூன்று. மருமகளின் போன். முதலாளியின் போன் (அவர் தனக்கு வரும் 'காலை வணக்க'ப் படங்களையும் அழிப்பதில்லை). ஒரு லேப்டாப், அதன் டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர்' ஒன்றிலிருந்து பதினொன்று வரை. போட்டோகிராபரின் ஹார்ட் டிஸ்க். இன்ஸ்டாகிராம் பக்கமேகூட ஓர் இடம்தான், ஏனென்றால் சில படங்கள் அங்கே மட்டுமே மிச்சம்.

இன்னோர் இடமும் இருந்திருக்க வேண்டும். முன்பு கடையில் டிசைன் வேலை பார்த்த ஒரு தம்பி, எல்லாப் படங்களையும் கூகுள் டிரைவில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். மாதம் வாரியாக, நெசவாளர் வாரியாக, பார்த்துப் பார்த்துச் செய்த அடுக்கு. எந்தப் படம் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பாராம். உண்மையில் கடையின் அசெட் மேனேஜ்மென்ட் அவர்தான். ஆனால் அந்த டிரைவ் அவருடைய சொந்த ஜிமெயில் கணக்கு. கடைக்குப் பகிர்ந்திருந்தார், அவ்வளவே. வேலை மாறிப் போன பிறகு, இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிரம்பி அவருக்கு மெயில் வருவது நின்றுபோயிருக்கிறது. பழைய வேலைக் கோப்புதானே என்று அழித்துவிட்டார். டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். கடையில் கவனித்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பி போனில் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைப் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துத் தர யாருக்கும் தோன்றாததுதான் காரணம். சிறு தொழில்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: டொமைன் பெயர் அண்ணன் மகன் பெயரில், ஃபேஸ்புக் பக்கம் பழைய மேனேஜர் கையில், லோகோ பிரின்டரிடம்.

லோகோ கதையையும் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயர்ப்பலகை பல வருஷங்களுக்கு முன் கோரல்டிராவில் செய்தது. அந்தக் கோப்பைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ரோமன் எழுத்தும் ஆச்சரியக்குறியும் ஏதேதோ குறிகளும் வந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களின் குணம் அது. ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்று குறியீடுகளைத் தரப்படுத்தியது, 2010இல் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. அச்சகங்களில் அதற்கு முந்தைய சரக்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதனால் ஒவ்வொரு பிரின்டரும் லோகோவைத் தன் கண்ணுக்குப் பட்டபடி திரும்ப வரைந்திருக்கிறார். பையில் ஒரு மயில், பெட்டியில் வேறு மயில், விசிட்டிங் கார்டில் இருப்பது கோழிக்குக் கிட்டத்தில் வருகிறது. பழைய எழுத்துரு வைத்திருந்த ஓர் அச்சகத்தைத் தேடிப் பிடித்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி கோப்பும் பிடிஎஃப்பும் எடுத்து, 'இது ஒன்றுதான் லோகோ' என்று பூட்டி வைத்தோம். அரை நாள் வேலை. பத்து வருஷமாக யாரும் செய்யவில்லை.

ஒரே படம் ஆறு தடவை

எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் கொட்டினால் ஒரே சேலை ஐந்தாறு தடவை வருகிறது. இரட்டைப் பிரதிகளைக் கண்டுபிடிக்க வழக்கமாகச் செய்வது கோப்பின் கைரேகையை, அதாவது ஹாஷ் எண்ணை, ஒப்பிடுவது. இங்கே அது பயன்படவில்லை. வாட்ஸ்அப் ஒவ்வொரு முறையும் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு கோப்பு. போதாக்குறைக்கு, எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். கடையில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்த அன்றே பாதி வியாதி குறைந்தது.

கழிக்கும் வேலைக்கு டிஜிகேம் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டேன். கேடிஇ என்ற திறந்த மூல மென்பொருள் குழுவினர் செய்வது. படத்தின் தோற்றத்தை வைத்து ஒத்த படங்களைத் தேடித் தரும். ஒரு குழுவில் எது பெரியதோ, எதில் கேமரா விவரம் மிச்சம் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினோம். அழிக்கவில்லை, 'ஒதுக்கியவை' என்று தனி ஃபோல்டர். இந்த மாதிரி வேலையில் முதல் மாதம் எதையும் அழிக்கக் கூடாது என்பது நான் சூடுபட்டுக் கற்றது.

ஒத்த படம் என்று கருவி சொன்னதை எல்லாம் நம்பவும் முடியாது. ஒரே அட்டையில், அதாவது ஒரே ஜக்கார்ட் டிசைனில், நெய்த இரண்டு சேலைகளை ஒன்று என்றது. அக்கா எட்டிப் பார்த்து, "இது வேற சார். அதுல கரை மயில்கண், இதுல ருத்ராட்சம்" என்றார். எனக்கு இரண்டும் புள்ளியாகத்தான் தெரிந்தன.

சொற்களுக்கு ஒரு நோட்டு

அந்த நிமிஷத்தில்தான் வேலையின் மையம் எது என்று எனக்குப் புரிந்தது. சாஃப்ட்வேர் எதுவானாலும், அதில் போடும் சொல் அக்காவின் வாயில் இருக்கிறது. அவருக்கு உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் வராவிட்டால் கடைக்கு அந்தச் சேலைகளைத் தேடத் தெரியாது.

ஒரு சாயங்காலம் கடை மூடிய பிறகு நால்வர் உட்கார்ந்தோம். முதலாளி, மருமகள், அக்கா, நான். நடுவில் ஒரு இருநூறு பக்க நோட்டு. சேலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, "இது என்ன நிறம்?" என்று மூன்று பேரையும் கேட்டேன். முதல் சேலையிலேயே சண்டை. மருமகள் "மெரூன்" என்றார். முதலாளி "அரக்கு" என்றார். அக்கா இருவரையும் பார்த்துவிட்டு, "அரக்குன்னா உள்ள ஒரு கருப்பு நிக்கணும். இது குங்குமத்துக்கும் அரக்குக்கும் நடுவுல" என்றார். இந்த 'நடுவில்' என்பதை எந்த சாஃப்ட்வேரில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இப்படியே மாந்துளிர், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயக் கலர், பாக்கு, கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிப் பேர்பெற்ற எம்.எஸ். ப்ளூவைப் புதுப்பையன் ஒருவன் 'ராயல் ப்ளூ' என்று எழுதி வைத்திருந்தான். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே ஒரு தலைச்சொல். மற்றவை எல்லாம் அதன் கீழே இணைச்சொல். 'மெரூன்' என்று தேடினாலும் அரக்கு வரும், 'மாங்கா தளிர்' என்று தேடினாலும் மாந்துளிர் வரும். வாடிக்கையாளர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் விதங்களையும் அதிலேயே சேர்த்தோம். மாந்துளிருக்கு மட்டும் ஐந்து எழுத்துக்கூட்டல். கரைக்குத் தனிப் பட்டியல்: கோபுரம், யாளி, மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு. உடலுக்கு: கட்டம், கொட்டடி, வைர ஊசி, மல்லிமொக்கு, புட்டா. புதுச் சொல் சேர்க்க வேண்டுமானால் அக்கா ஒப்புக்கொள்ள வேண்டும். இதைத் துறைக்காரர்கள் கட்டுப்படுத்திய சொற்களஞ்சியம் என்பார்கள். கடையில் அதன் பெயர் 'அக்கா நோட்டு'.

இந்தச் சொற்களைப் படத்தின் உள்ளேயே எழுதிவைத்தோம். ஜேபெக் கோப்புக்குள் குறிப்பு எழுத இடம் உண்டு. கேமரா தானாக நிரப்பும் எக்சிஃப் ஒன்று. செய்திப் படங்களுக்காக வந்த ஐபிடிசி ஒன்று. அடோபி 2001இல் கொண்டுவந்து, பிறகு ஐஎஸ்ஓ தரமான எக்ஸ்எம்பி ஒன்று. சாஃப்ட்வேரின் தரவுத்தளத்தில் மட்டும் குறிப்பை வைத்தால், அந்த சாஃப்ட்வேர் செத்த அன்று குறிப்பும் சாகும். 2016 மார்ச்சில் கூகுள் பிக்காசாவை நிறுத்தியபோது, அதில் வருஷக்கணக்காக ஆல்பம் அடுக்கியிருந்த எத்தனை பேர் திகைத்து நின்றார்கள்! கோப்புக்குள்ளேயே எழுதினால் சேலையோடு டேக் கட்டின மாதிரி. எந்த அலமாரிக்குப் போனாலும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அறுந்துவிடும், அது வேறு விஷயம். அசலில் இருந்தால் போதும்.

இங்கே ஒரு தமிழ்த் தொல்லையும் உண்டு. 'கோர்வை' என்று பெயரிட்ட ஃபோல்டர்களை நான் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) பாதிக்கு மேல் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அரை நாள் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாக. போட்டோகிராபரின் பழைய மேக் கோப்புப் பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் கொண்டது. கடை விண்டோஸில் தட்டியது சேர்ந்த வடிவம். எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் கோர்வையும் கோர்வையும் ஒன்றாயின. தமிழில் தேடல் வைக்கும் யாருக்கும் இதை முதலில் சொல்வேன்.

சாஃப்ட்வேர், அதில் என் தவறு

சந்தையில் இதற்கென்றே பெரிய பெயர்கள் இருக்கின்றன: கான்டோ, பைன்டர், பிராண்ட்ஃபோல்டர். நல்ல கருவிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவை பத்துப் பதினைந்து ஊர்களில் மார்க்கெட்டிங் குழு வைத்திருக்கும் கம்பெனிக்குச் செய்தவை. விலை தெரிய வேண்டுமென்றால் முதலில் அவர்கள் விற்பனையாளரோடு பேச வேண்டும். எட்டுப் பேர் கடைக்கு அந்தப் பேச்சே செலவு.

டிஜிகேம் ஒருவர் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குச் சரி. கவுன்ட்டரில் மூன்று பேர் போனில் தேட அது ஆகாது. ஆகவே ரிசோர்ஸ்ஸ்பேஸை எடுத்தேன். திறந்த மூல மென்பொருள். 2006 வாக்கில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் படங்களை நிர்வகிக்க உருவானது. பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஓடும் எந்தச் சர்வரிலும் நிறுவலாம், உரிமக் கட்டணம் கிடையாது. பிரவுசரில் திறந்தால் போதும். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அசலைப் பதிவிறக்கலாம் என்று பிரிக்கலாம். இலவசம் என்றாலும் சர்வர் வாடகை உண்டு, அதை அவ்வப்போது பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். முதலாளியிடம் இதை முதல் நாளே சொல்லிவிட்டேன். ஆள் நான்தான், மாதம் ஒரு நாள்.

நிறுவினேன். பெருமையாகப் பதினான்கு கட்டங்கள் வைத்தேன்: உடல், கரை, முந்தி, ஜரிகை, எடை, நெசவாளர், புட்டா வகை, விலை, எடுத்தவர், இன்னும் என்னென்னவோ. பாதிக்கு மேல் கட்டாயம். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் உள்ளே மொத்தம் ஒன்பது சேலை. எல்லாம் பழைய பாதையில், வாட்ஸ்அப்பில், ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டேன். "சார், எதிர்ல ஒரு குடும்பமே உக்காந்து அம்பது சேலை பிரிச்சுப் போட்டிருக்காங்க. நான் இத ரொப்பிக்கிட்டு நிக்கட்டுமா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டங்களை நான்காகக் குறைத்தேன்: உடல் நிறம், கரை நிறம், கரை வகை, உடல் வேலைப்பாடு. நான்கும் தட்டச்சு இல்லை, பட்டியலிலிருந்து தொடுவது மட்டும்.

மிச்சத்தை டேக்கிடம் விட்டோம். நெசவாளரிடமிருந்து சேலை வந்ததும் பார்கோடு அச்சிட்ட டேக் கட்டுவது ஏற்கெனவே பழக்கம். இப்போது ஒவ்வொரு சேலைக்கும் முதல் படம் அந்த டேக்கின் படம். அப்புறம் உடல், கரை, முந்தி. அடுத்த சேலைக்கு மறுபடி டேக். ராத்திரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் படங்களை வரிசையாகப் பார்க்கிறது. இசட்பார் என்ற இலவச நிரல் பார்கோடைப் படிக்கிறது. அடுத்த டேக் வரும்வரை உள்ள படங்களுக்கெல்லாம் அந்த எண்ணே பெயர். யாரும் எதுவும் தட்ட வேண்டாம். நெசவாளர், எடை, விலை எல்லாம் அந்த எண்ணைக் கொண்டு பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து வந்துவிடுகின்றன. கடை மூடும்போது அன்றைய விற்பனைப் பட்டியலை சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக எடுத்துத் தருகிறார் மருமகள். அதில் உள்ள எண்களின் படங்கள்மேல் 'விற்றது' என்ற முத்திரை விழுகிறது.

முதல் ஒரு மாதம் டேக் படம் எடுக்க மறந்து, இரண்டு சேலை ஒரே எண்ணில் விழுவது நடந்தது. இப்போதும் எப்போதாவது நடக்கிறது. ஒரே எண்ணில் எட்டுப் படத்துக்கு மேல் வந்தால் ஸ்கிரிப்ட் நின்று கேட்கும்படி மாற்றியிருக்கிறேன்.

விற்ற சேலைகளின் படங்களை அழித்துவிடலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். இடம் மிச்சம், குழப்பம் இல்லை. அக்கா விடவில்லை. "வித்த சேலதான் சார் ஆர்டர் கொண்டாரும்" என்றார். அழிக்காமல், 'காட்டலாம்' என்ற தொகுப்பிலிருந்து மட்டும் வெளியே எடுக்கிறோம். மறுவிற்பனை செய்பவர்களுக்குப் படத்துக்குப் பதிலாக அந்தத் தொகுப்பின் இணைப்பை அனுப்புகிறோம். விற்றதும் அங்கே மறைந்துவிடும். ஏற்கெனவே குழுக்களில் சுற்றுகிற பழைய படங்களை எதுவும் செய்ய முடியாது. அவை சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

நிறம் பொய் சொல்லும்

மயில்கழுத்து மாதிரிச் சேலையில் பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். அசைத்தால் பச்சை, திருப்பினால் நீலம். கேமரா அதில் ஒன்றைத்தான் பிடிக்கும். கவுன்ட்டர் டியூப்லைட்டில் எடுத்தால் சந்தனம் சாம்பலாகிறது. இதை எந்த சாஃப்ட்வேரும் சரிசெய்யாது. ஜன்னலோரம் ஓர் இடம், ஒரே நேரம், நிறத்தைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை என்று மாற்றிய பிறகு ஓரளவு சமாளித்தோம்.

போட்டோகிராபர் தந்த படங்கள் அவர் திரையில் ஜொலித்தன, போனில் வெளிறிக் கிடந்தன. அவர் அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிறவெளியில் கொடுத்திருந்தார். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத ஆப்களில் படம் சோகையாகத் தெரியும். இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது: வெளியில் போகும் படம் எஸ்ஆர்ஜிபி (எல்லாத் திரைகளுக்கும் பொதுவான நிறவெளி), அசல் தனி.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் சேர்ந்தது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். முதலாளிக்கு இது புதுச் செய்தி. போட்டோகிராபருக்கும்தான். உரிமை இருந்தாலும் ரா கோப்பு (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) கைக்கு வரும் என்று அர்த்தமில்லை என்பதால், அதையும் ஒப்படைக்க வேண்டும் என்று தனியாக எழுதினோம்.

மணப்பெண் படங்கள்தான் கொஞ்சம் சங்கடம். சந்தோஷத்தில் அனுப்புகிறார்கள், கடை பக்கத்தில் போடுகிறது. ஒரு பெண் பிறகு எடுத்துவிடச் சொன்னபோது அந்தப் படம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, காலண்டரில்கூட வந்திருந்தது. இப்போது ஒப்புதல் வாங்கிய வாட்ஸ்அப் பதிலின் ஸ்க்ரீன்ஷாட் படத்தோடு இணைந்தே இருக்கிறது. அது இல்லாத படத்தை கவுன்ட்டர் போன்களில் பார்க்கவே முடியாது.

திருப்பி எடுத்துப் பார்ப்பது

நகல்களுக்குப் புகைப்படக்காரர்கள் சொல்லும் 3-2-1 கணக்கையே வைத்தோம்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். சர்வர், கடையில் ஒரு டிஸ்க், முதலாளி வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க். பீரோ டிஸ்க் சனிக்கிழமை மட்டும் கடைக்கு வந்து திரும்பும். டிரைவில் பகிர்ந்து வைப்பது பேக்கப் ஆகாது என்பதை அந்தத் தம்பி விஷயத்தில் பார்த்துவிட்டோமே. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

பேக்கப் ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட, அதிலிருந்து எடுக்க வருகிறதா என்று பார்ப்பதில் நான் பிடிவாதம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்தபோது, பல வகையில் எடுத்துவைத்ததாக நினைத்த நகல்கள் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகலிலிருந்துதான் மீண்டார்கள். ஒளிக்காமல் வெளியிட்டார்கள் என்பதால் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கே அந்தக் கதி. மாதம் ஒரு முறை அக்கா மனத்தில் தோன்றும் ஒரு டேக் எண்ணைச் சொல்வார். நான் பீரோ டிஸ்க்கிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்ட வேண்டும். இதுவரை ஒரு முறை தோற்றிருக்கிறேன்; டிஸ்க்கைச் சொருகினார்களே தவிர, அந்தச் சனிக்கிழமை யாரும் நகல் எடுக்கவில்லை.

இப்போது

முதலாளி இன்னும் சாஃப்ட்வேரைத் திறப்பதில்லை. "அக்கா, அந்த யாளிக் கரை எங்க?" என்று கூப்பிடுவதுதான் அவருக்கு வேகம். பையன்கள் போனில் தேடுகிறார்கள். அக்கா ஒரு வாரம் ஊருக்குப் போனபோது கடை நின்றுவிடவில்லை, தடுமாறியது. பழைய படங்களில் இன்னும் பாதிக்கு எண் இல்லை. எண் கண்டுபிடிக்கவும் முடியாது. அவற்றுக்கு நிறமும் கரையும் மட்டும் போட்டுக்கொண்டு வருகிறோம், கூட்டமில்லாத ஆடி நாள்களில்.

தை மாதம் நான் கடையில் இருந்தபோது ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அதே மாந்துளிர் சேலை. வேறு யாரோ, இந்த முறை கோயம்புத்தூர். எந்தக் குழுவில் இன்னும் சுற்றுகிறதோ. அக்கா போனில் மாந்துளிர், அரக்கு, கோர்வை என்று மூன்றைத் தொட்டார். நான்கு சேலை வந்தது, மூன்றாவது அதுதான். மேலே 'விற்றது'. கீழே டேக் எண், நெசவாளர், அட்டை எண். "இது வித்துப்போச்சும்மா. வேணும்னா நெய்யச் சொல்லலாம், பதினஞ்சு இருபது நாள் ஆகும்" என்று குரல்பதிவு அனுப்பிவிட்டு, நெசவாளரைக் கூப்பிட்டுப் படத்தையும் அனுப்பினார்.

சற்று நேரத்தில் அவரிடமிருந்து திரும்ப அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார் அக்கா. "அட்டை இருக்கு, போட்டுடலாம். ஆனா போட்டோவப் பாத்து சாயம் போட மாட்டேன். அவங்கள ஒரு தரம் வந்து நூலப் பாக்கச் சொல்லுங்க."